கல்லூரி வானொலிக்கு ஊர் முகம்: நெல்லையில் பெயர், ஒலி, சின்னம் அமைக்கும் வழி

சமுதாய வானொலிக்கு அனுமதி வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். ஆனால் நிலையத்துக்குப் பெயர், அறிமுக ஒலி, சின்னம், அறிவிப்பாளரின் பேச்சு இவற்றை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், 'நெல்லையப்பர் கோபுரத்தப் போடுங்க, பக்கத்துல அல்வா போடுங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் கல்லூரி வானொலிப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியருக்கும் மாணவர் குழுவுக்கும் எழுதியது இது. வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும், பணம் எங்கே வீணாகும், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் பின்னால் தலைவலி என்பது மட்டும் இதில் இருக்கிறது.

1. முதலில் வட்டம் போடுங்கள்

சமுதாய வானொலியின் கதிர்வீச்சுத் திறன் அதிகபட்சம் 100 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இதை வைத்துக்கொண்டு ஒலி தெளிவாக எட்டும் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டர். ஆகவே ஒரு வரைபடத்தை எடுத்து, கல்லூரியின் ஒலிபரப்புக் கோபுரத்தை நடுவில் வைத்து 5 கிலோமீட்டரில் ஒரு வட்டமும் 10 கிலோமீட்டரில் ஒரு வட்டமும் போடுங்கள். உங்கள் பாரம்பரியம் அந்த வட்டத்துக்குள் இருப்பதுதான்.

கோபுரம் பாளையங்கோட்டையில் இருந்தால் டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், குறுக்குத்துறை, ரெட்டியார்பட்டி எல்லாம் உள்ளே வரும். குற்றாலம் வராது. பத்தமடை வராது. ஆதிச்சநல்லூர் வராது. குற்றாலம் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். எட்டயபுரமும் ஆதிச்சநல்லூரும் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். 'நெல்லைச் சீமை' என்று நெஞ்சில் இருப்பது வேறு, கோபுரம் எட்டுவது வேறு. வெளியே இருப்பதை வைத்து நிகழ்ச்சி செய்யலாம், தடையில்லை. நிலைய அடையாளமாக மட்டும் வைக்காதீர்கள். குற்றால அருவிச் சத்தத்தை அறிமுக ஒலியாக வைத்தால், பேட்டையில் கேட்பவர் அதைச் சுற்றுலா விளம்பரம் என்றுதான் நினைப்பார்.

கல்லூரி சேரன்மகாதேவிப் பக்கம் இருந்தால் கதை மாறும்: பத்தமடைக் கோரைப்பாயும் காருக்குறிச்சி மண்பானையும் உங்கள் வீட்டுச் சொத்து. ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் என்றால் பனையும் காற்றும் கடலும்.

காகித வட்டத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒலிபரப்பு தொடங்கியதும் நான்கு திசைச் சாலைகளிலும் சாதாரண வானொலிப் பெட்டியோடு இருசக்கர வண்டியில் போய், ஒலி உடையும் இடத்தைக் குறித்துவாருங்கள். மேடும் கட்டடமும் மறைக்கும் பக்கத்தில் வட்டம் குழிந்திருக்கும்.

2. காதில் விழுவதைப் பட்டியல் எடுங்கள்

பாரம்பரியம் என்றதும் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். நிறுத்துங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: கண்ணில் படுவது, காதில் விழுவது. வானொலிக்கு இரண்டாவது பத்திதான் முதல்.

எட்டு மாணவர்கள், இரண்டு வாரம், ஆளுக்குப் பத்துப் பெரியவர்கள். டவுன் ரதவீதி, ஜங்ஷன், மேலப்பாளையம் என்று பிரித்துக்கொள்ளட்டும். 'நம் பாரம்பரியம் எது?' என்று கேட்டால் எல்லாரும் மேடைப்பேச்சுதான் பேசுவார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'ரொம்ப நாள் கழிச்சு ஊருக்கு வாறீய, எந்தச் சத்தம் கேட்டா ஊரு வந்துட்டுன்னு தோணும்?' இதற்கு வரும் பதில்கள் வேறு மாதிரி இருக்கும். ஆனித் தேருக்கு வடம் பிடிக்கும்போது எழும் கூச்சல், கோவில் கொடைத் திருவிழாவின் வில்லுப்பாட்டு, பாளை ஊசிக்கோபுரத் தேவாலய மணி, ஜங்ஷனில் 'டவுன், டவுன்' என்று கூவும் கண்டக்டர் குரல், படித்துறையில் துணி துவைக்கும் சத்தம்.

வந்ததை மூன்று கேள்வியால் சலியுங்கள். வட்டத்துக்குள் இருக்கிறதா? அதை இன்றும் செய்பவர் இருக்கிறாரா, அல்லது பழைய பதிவு மட்டும்தானா? இது எங்களுடையது இல்லை என்று ஊரில் ஒரு சாரார் ஒதுங்கிக்கொள்வார்களா? மூன்றாவது கேள்வியில்தான் பாதிப் பட்டியல் விழும். கோவில் மணி, பாங்கு, தேவாலய மணி மூன்றையும் அடுத்தடுத்துக் கோத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று ஒரு யோசனை எல்லாக் குழுவிலும் வரும். கேட்டுப்பாருங்கள், அரசு விளம்பரப் படம் போலவே இருக்கும். சமயச் சார்பில்லாத ஒலி ஒன்றைப் பிடிப்பதே நல்லது. ஆறு, பாலம், சந்தை, பேச்சு இவற்றில் தேடுங்கள்.

உதவிக்கு இடங்கள் இருக்கின்றன. பாளை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் இந்த வட்டாரக் கலைகளில் பல ஆண்டு உழைத்தவை. உருவங்களுக்குப் பாளை அரசு அருங்காட்சியகமும் ரெட்டியார்பட்டி மலையில் உள்ள பொருநை அருங்காட்சியகமும் உண்டு. கல்லூரித் தாளில் முதல்வர் கையொப்பத்தோடு கடிதம் கொண்டுபோங்கள். 'ப்ராஜெக்ட்டுக்கு வந்திருக்கோம் சார்' என்று நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

3. விழக் கூடாத குழிகள்

அல்வா. ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி என்றால் அல்வா. உங்கள் நேயரோ ஊருக்குள் இருப்பவர். போதாக்குறைக்கு 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் தமிழில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். செய்தியும் மருத்துவக் குறிப்பும் தரும் நிலையத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

கோபுரம். தமிழ்நாடு அரசின் முத்திரையிலேயே கோபுரம் இருக்கிறது. வட்டத்துக்குள் கோபுரம் வரைந்து சுற்றிலும் எழுத்துப் போட்டால் அரசு அலுவலக முத்திரை போல ஆகிவிடும். அரசுச் சின்னத்தைப் போலத் தோன்றும் குறியைப் பயன்படுத்துவதற்குச் சட்டத் தடையும் உண்டு.

இசைத்தூண். நெல்லையப்பர் கோவில் மணி மண்டபத் தூண்களைத் தட்டிப் பதிவுசெய்தால் அருமையான அறிமுக ஒலி கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். தட்டித் தட்டியே கல் தேயும். 2022 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கோவிலுக்குள் கைபேசிக்கும் தடை. செயல் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் பதிவுக் கருவியோடு உள்ளே போகாதீர்கள். அனுமதி கிடைத்தாலும் கோவிலின் பொது ஓசையை மட்டும் பதியுங்கள்.

வீரர் முகம். பாளையக்காரர், விடுதலைப் போராட்ட வீரர் எவருடைய உருவத்தைச் சின்னத்தில் வைத்தாலும் இந்த ஊரில் அது ஒரு சாதியின் பதாகையாகப் படிக்கப்படும். அது அந்த வீரருக்கும் நியாயமில்லை, உங்கள் நிலையத்துக்கும் நல்லதில்லை.

நிறம். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்லித்தர மாட்டார்கள். தென்மாவட்டத்தில் இரண்டு நிறங்கள் பட்டையாகச் சேர்ந்தால் அது சாதி அடையாளமாக ஆகிவிடக்கூடும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிறு வரை அது போயிருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்கே தடை கேட்டது. ஆகவே நிறத்தை முடிவுசெய்யும் முன், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் அலுவலக ஊழியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், காவலாளிகள் ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் காட்டி 'இதப் பாத்தா வேற எதும் தோணுதா அண்ணாச்சி?' என்று கேளுங்கள். கூட்டமாக வைத்துக் கேட்டால் பதில் வராது. ஒரே நிறமும் அதன் வெளிர் சாயலும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

4. பெயர்

பெயரில் அலைவரிசை எண்ணைச் சேர்க்காதீர்கள். சமுதாய வானொலிகளுக்கு 90.4, 90.8, 91.2 போன்றவை கிடைப்பது வழக்கம்தான். ஆனாலும் ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வரும்வரை எந்த எண்ணும் உங்களுடையதில்லை. எண்ணோடு பாட்டெழுதி, பலகை அடித்து, பிறகு மாற்றியவர்கள் உண்டு.

விண்ணப்பத்திலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோடு போடும் ஒப்பந்தத்திலும் என்ன பெயர் இருக்கிறதோ அதேதான் காற்றிலும் வர வேண்டும். ஆகவே பெயர் வேலை விண்ணப்பத்துக்கு முன்னால் முடிவது உத்தமம்.

'நெல்லை', 'பொருநை', 'தாமிரபரணி' மூன்றும் நல்ல சொற்கள். ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதியக் கேட்டால், புவியியல் இடத்தைக் குறிக்கும் சொல் தனித்தன்மை உடையதல்ல என்று பதிவகம் ஆட்சேபிக்கும். ஊர்ப்பெயரோடு இன்னொரு சொல் சேர வேண்டும். அந்த இரண்டாவது சொல்லை வட்டாரப் பேச்சில் தேடுங்கள். முடுக்கு (சந்து), வளவு (பல வீடுகள் சேர்ந்த வளாகம்), படித்துறை, வடம், திண்ணை இவையெல்லாம் ஊர்க்காரர் வாயில் இருக்கும் சொற்கள்; நாலுபேர் கூடுவது, சேர்ந்து இழுப்பது என்ற பொருளும் வானொலிக்குப் பொருந்தும். இரண்டாவது சொல் மூன்று அசைக்குள் அடங்குவது, முழுப்பெயர் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் புரிவது என்ற இரண்டு சோதனையையும் வைத்துப்பாருங்கள். 'ழ'வும் 'ள'வும் அடுத்தடுத்து வரும் பெயர் அறிவிப்பாளருக்கு நாள்தோறும் தண்டனை.

5. மூன்று நொடி ஒலி

உங்கள் அடையாளத்தில் பணமும் நேரமும் அதிகம் போக வேண்டிய இடம் இதுதான். சின்னத்தை வானொலி நேயர் பார்க்கப்போவதே இல்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய இரண்டு ஒலிக் களஞ்சியங்கள் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும். வில்லில் கட்டிய மணி, வீசுகோல் அடி, உடுக்கை, குடம், கட்டை, ஜால்ரா என்று வில்லுக்குழுவில் ஆறு வகை ஒலி கிடைக்கும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் கருவி: சுருதி ஏற்றியது ஒன்று, தாழ்ந்தது ஒன்று. இரண்டையும் ஒரே துண்டில் கலக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்வுக்கு முன் ஒரு விஷயம். மகுடத்திலும் உடுக்கையிலும் சாமி ஆட அழைக்கும் அடி என்று தனியாக உண்டு. அதைத் தெரியாமல் மணிக்கு நாலு தடவை காற்றில் விட்டால், கேட்பவர்களில் சிலருக்கு அது விளையாட்டாக இராது. கணியான் கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவியிடமோ வில்லுப் புலவரிடமோ முதலிலேயே 'சாமிக்கு உரியத விட்டுட்டு, பொதுவா வாசிக்கிற அடி எது?' என்று கேட்டு, அவர் தருவதை மட்டும் எடுங்கள்.

*பதிவு.* ஆறேழு பேர் கொண்ட வில்லுக்குழு உங்கள் ஒலிபரப்பு அறையில் உட்கார இடமிருக்காது. கல்லூரிக் கலையரங்கத்தை எடுங்கள். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, பின்சுவரிலும் பக்கச் சுவரிலும் தடித்த ஜமுக்காளமோ போர்வையோ தொங்கவிடுங்கள். கோரைப்பாய் மாட்டினால் எதிரொலி போய்விடும் என்பது வெறும் ஆசை. பாய் மெல்லியது, உயர் சுருதியில் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. மகுடம் போன்ற தோல் கருவிகளைச் சூடு காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள். அதற்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கி, காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச அளவு -12 டெசிபலைத் தொட்டால் போதும். வில் மணியின் வெடிப்பு எதிர்பாராமல் ஏறும், அந்த இடைவெளி தேவை. வில்லுக்கு ஒரு கண்டென்சர் மைக், ஒரு மீட்டர் தள்ளி. குடத்துக்கு மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். மட்டையால் அறையும்போது வெளிவரும் காற்று மைக்கில் மோதி 'பொத்' என்று கெடுக்கும். வாய்க்குப் பக்கவாட்டில் சாய்த்து 30 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். ஒவ்வொரு கருவியையும் தனியாக இரண்டு நிமிடம், பிறகு எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். அதையே விரைவாக ஒருமுறை, நிதானமாக ஒருமுறை. காலைக்கும் இரவுக்கும் ஒரே வேகம் ஒத்துவராது.

*வெட்டு.* நான்கு துண்டு செய்யுங்கள். மூன்று நொடிக் குறியொலி, பெயரோடு எட்டு நொடி, நிலையம் திறக்கும் 30 நொடி, பேச்சுக்கு அடியில் ஓட 60 நொடி. பெயரையும் அலைவரிசையையும் சொல்லும் குரலைத் தனிக் கோப்பாக வையுங்கள். எது மாறினாலும் குழுவை மறுபடி அழைக்க வேண்டியிராது. மூன்று நொடிக்கு மணி உரசல், உடுக்கையின் ஒரு வளைவு, குடத்தில் ஒரு அடி போதும். கீபோர்டு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்த்த நொடியே அது எந்த ஊர் வானொலியாகவும் ஆகிவிடும்.

*எங்கே கெடும்.* கணினியில் பளிச்சென்று இருந்த வில்மணி காற்றில் நசுங்கிக் கேட்கும். காரணம் பண்பலை ஒலிபரப்பின் இயல்பு. அனுப்பும்போது உயர் சுருதிகளைத் தூக்கி அனுப்புவார்கள்; நம் நாட்டில் அதன் அளவு 50 மைக்ரோநொடி. 3 கிலோஹெர்ட்சுக்கு மேல் ஏறத் தொடங்கி 10 கிலோஹெர்ட்சில் சுமார் 10 டெசிபல் வரை ஏற்றம். மணி ஒலி அங்கேதான் இருக்கிறது. ஒலி அளவு மீறாமல் அடக்கும் லிமிட்டர் விழித்துக்கொண்டு மொத்த ஒலியையும் அமுக்கும், கூடவே அறிவிப்பாளர் குரலும் ஒரு கணம் அமுங்கும். 6 கிலோஹெர்ட்சுக்கு மேல் 3, 4 டெசிபல் குறைத்துவிட்டு அனுப்புங்கள். குடத்தில் எதிர்மாறான சிக்கல்: அதன் அடித்தொனி கைபேசி ஒலிபெருக்கியில் கேட்கவே கேட்காது. அடியோடு சேரும் 'டக்' ஒலி 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அதைச் சற்று ஏற்றினால் அடி விழுந்தது தெரியும்.

துண்டுகள் எல்லாம் ஒரே சத்த அளவில் இருக்க வேண்டும். நீண்ட துண்டுகளை மீட்டர் பார்த்துச் சமன் செய்யுங்கள். மூன்று நொடித் துண்டில் மீட்டர் காட்டும் எண்ணை முழுதாக நம்ப முடியாது. பேச்சு ஒன்றை முன்னும் பின்னும் வைத்துக் காதால்தான் ஒத்துப்பார்க்க வேண்டும். கடைசிச் சோதனை ஸ்டுடியோ ஹெட்போனில் வேண்டாம். டீக்கடை ரேடியோ, ஆட்டோ, மலிவுக் கைபேசி மூன்றிலும் கேளுங்கள். முப்பது பேருக்கு மூன்று மாதிரிகளைப் போட்டுக் காட்டி, ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டு 'இத எங்கயாவது கேட்டிருக்கீங்களா?' என்று கேளுங்கள். உடனே பிடித்ததா என்ற கேள்வி பயனற்றது. நினைவில் நின்றதா என்பதே கணக்கு.

6. பேச்சு

'ஏலே', 'என்னலே' இரண்டையும் தூவிவிட்டால் நெல்லைத் தமிழ் வந்துவிட்டது என்று நினைப்பது சினிமாப் பழக்கம். 'லே' சமவயதுக்காரரிடமும் சிறியவரிடமும் உரிமையில் வருவது. நேயராக அழைப்பவர் 60 வயது ஆச்சியாக இருக்கும்போது அறிவிப்பாளர் வாயில் அது வந்தால் மரியாதைக் குறைவு. 'ஏட்டி'யும் அப்படித்தான். காற்றில் யாரை எப்படி விளிப்பது என்று ஒரே பக்கத்தில் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டுங்கள்: பெரியவர்களுக்கு அண்ணாச்சி, ஆச்சி; மற்றவர்களுக்கு அண்ணே, அக்கா, தம்பி; எல்லாருக்கும் 'வாங்க, சொல்லுங்க'.

வட்டத்துக்குள்ளேயே பேச்சு ஒன்றில்லை. மேலப்பாளையத்து வீட்டுப் பேச்சு வேறு, டவுன் பேச்சு வேறு. அறிவிப்பாளர் தன் வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசட்டும். இல்லாத வழக்கை நடிக்க வேண்டாம். 'வந்தாவ', 'பைய', 'அங்ஙன' என்று தானாக வருவதைத் திருத்தவும் வேண்டாம்.

வெள்ள எச்சரிக்கை, மருந்து, தேர்வுத் தேதி, அரசுத் திட்டம் இவற்றுக்கு மட்டும் எளிய பொதுத்தமிழ். அணையிலிருந்து எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதை நகைச்சுவைக் குரலில் சொல்லக் கூடாது.

7. சின்னம், எழுத்து

ஒரே ஒரு உருவம். வில்லின் வளைவு, 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தின் வளைவு, வானொலி அலை மூன்றும் ஒரே கோட்டில் அடங்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டவுனையும் பாளையையும் இணைக்கும் அந்தப் பாலம் யாருக்கும் தனியாகச் சொந்தமானதும் இல்லை.

எழுத்துருவை இணையத்தில் கிடைத்ததென்று எடுக்காதீர்கள். முக்த மலர், கேட்டமரன், மீரா இனிமை, பவனம், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. டிடிபி கடையில் பழைய பாமினி வகை எழுத்துருவில் அடித்துத் தருவார்கள், நீங்கள் அனுப்பிய யூனிகோடு எழுத்து அங்கே உடையும். எழுத்தை வடிவமாக மாற்றிய பிடிஎஃப் அனுப்பினால் தப்பலாம். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பாருங்கள். புள்ளியும் கொம்பும் தெரியாவிட்டால் சின்னம் தேறாது.

8. காகிதங்கள்

இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒலிபரப்பத் தொடங்காதீர்கள்.

கலைஞர் ஒப்புதல் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்ட வேண்டும். எந்தப் பதிவு, எதற்குப் பயன்படும் (காற்றில், இணையத்தில், விளம்பரத்தில்), எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, பெயர் எப்படிச் சொல்லப்படும் என்ற ஐந்தும் இருக்கட்டும். குழுத்தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, வாசித்த ஒவ்வொருவரும் போட வேண்டும்.

சின்னம் வரைந்த மாணவரிடமிருந்து உரிமை மாற்றுக் கடிதம். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல. ஆகவே வரைந்த சின்னத்துக்குச் சட்டப்படி முதல் உரிமையாளர் அவர்தான். கடிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி ஐந்தே ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று எழுதிவையுங்கள். உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் அதே பிரிவில் உண்டு. அது பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள்.

பழைய பாடல், பழைய பதிவு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்தால் வரிகள் பொதுவுடைமை; பாரதியின் வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அந்த வரிக்குச் சினிமாவில் போட்ட மெட்டும் ஒலிப்பதிவும் வேறொருவர் சொத்து. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. இசைத்தட்டில் ஆண்டு தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

வணிகக்குறிக்குப் படிவம் டிஎம்-ஏ. ஒலிபரப்புக்கு வகுப்பு 38, கல்வி, பொழுதுபோக்குக்கு வகுப்பு 41. விண்ணப்பிக்கும் முன் பதிவகத் தளத்தில் இலவசத் தேடல் செய்யுங்கள். மூன்று நொடி ஒலியையும் பதியலாம்: 30 நொடிக்கு மேற்படாத எம்பி3 கோப்பும் அதன் ஸ்வரக் குறிப்பு எழுத்தும் வேண்டும். உடுக்கை வளைவை ஸ்வரத்தில் எழுதுவது லேசில்லை. இசைத்துறை ஆசிரியர் ஒருவரை முதலிலேயே பிடித்துவையுங்கள். ஆட்சேப அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். விடுமுறையில் கல்லூரி மின்னஞ்சலை யாரும் பார்க்காமல் அந்த மாதம் கடந்துபோவதுதான் வழக்கமான விபத்து.

9. செலவு

வணிகக்குறிக் கட்டணம் இணையவழியில் வகுப்புக்கு 9,000 ரூபாய். தனிநபர், சிறுதொழில் பிரிவினருக்கு 4,500. அறக்கட்டளை நடத்தும் கல்லூரி பெரும்பாலும் முதல் வகையில்தான் வரும். இரண்டு வகுப்பு என்றால் 18,000. பெயருக்கும் ஒலிக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதால் அதுவும் இரட்டிக்கும். பணம் குறைவென்றால் பெயரை வகுப்பு 38இல் மட்டும் முதலில் பதியுங்கள்.

வில்லுக்குழுவுக்கு அரைநாள் பதிவுக்கு வண்டிச் செலவு, சாப்பாடு சேர்த்து 15,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்கிவையுங்கள். 'கல்லூரிதானே, பிள்ளைகளுக்காகச் செய்யுங்க' என்று பேரம் பேச வேண்டாம். அவர்களுக்கு அது தொழில். அன்றே கையில் கொடுங்கள். கல்லூரிக் கணக்கில் காசோலை வர மூன்று வாரம் ஆகும் என்றால் முன்பணம் எடுத்துவையுங்கள்.

பலகை, ஒட்டி, சட்டை இவற்றுக்குக் கடைசியில் மிச்சமிருப்பது போதும். ஆயிரத்துக்குக் குறைவான ஒட்டிகளை ஊரிலேயே டிஜிட்டலில் அடியுங்கள். மேலே போனால் சிவகாசி லாபம்.

ஸ்பான்சர் பணத்தில் அடையாளம் செய்ய வேண்டாம். விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடம், அரசு விளம்பரக் கட்டணத்தை 10 நொடிக்கு 74 ரூபாய் என்று 2024இல் உயர்த்தியிருக்கிறார்கள். கடைக்காரரை அந்த நிமிடங்களுக்குள் வையுங்கள், குறியொலிக்குள் விடாதீர்கள்.

10. நாட்காட்டி

ஜூனில் கல்லூரி திறந்ததும் வட்டமும் பட்டியலும். ஆனித் தேர் ஜூன் பிற்பாதியிலோ ஜூலை முற்பாதியிலோ வரும். கூட்டத்தின் ஒலியை அப்போதே பதிந்துகொள்ளுங்கள், விட்டால் ஓராண்டு. ஜூலை, ஆகஸ்டில் பெயர், சலிப்பு, நிறச் சோதனை. கலைஞர்களைக் கொடைக் காலத்தில், அதிலும் செவ்வாய், வெள்ளியில் கூப்பிடாதீர்கள். அவர்கள் விடிய விடியப் பாடிவிட்டு வந்திருப்பார்கள், தொண்டை இருக்காது. செப்டம்பர், அக்டோபரில் வார நடுவில் ஒரு காலைப்பொழுதை அவர்களே சொல்லட்டும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு, எதையும் வைக்காதீர்கள். டிசம்பரில் கலவை, சோதனை. பொங்கலுக்கு வெளியீடு. தாமதமானால் பிப்ரவரி 13, உலக வானொலி நாள், இரண்டாவது வாய்ப்பு. வணிகக்குறிக்கு இந்தக் கணக்குச் செல்லாது: எல்லாம் ஒழுங்காகப் போனாலும் பதிவக இதழில் வெளியான பிறகு எதிர்ப்புக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும்.

11. பத்திரப்படுத்துவது

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருப்பது விதி. அடையாளக் கோப்புகளை அந்தக் கணக்கில் சேர்த்து அழித்துவிடாதீர்கள். மூலப் பதிவு, வெட்டிய துண்டுகள், சின்னத்தின் வெக்டர் கோப்பு, எழுத்துரு, ஒப்புதல் படிவங்களின் ஸ்கேன் எல்லாம் ஒரே கோப்புறையில், மூன்று பிரதி: நிலையக் கணினி, தனி வட்டு, இணையச் சேமிப்பு. தனி வட்டு முதல் மாடியில் இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தரைத்தளத்தில் இருந்த கணினிகள் என்ன ஆயின என்று ஆற்றோரத்துக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இணையச் சேமிப்பின் கடவுச்சொல் மூன்றாமாண்டு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், மே மாதம் அவர் போகும்போது அதுவும் போய்விடும். ஏப்ரலிலேயே துறை மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.